குதிகால் தரையில் படாத குழந்தை

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வகுப்பறையில் உற்றுநோக்கல்’. எண்ணும் எழுத்தும் வந்த பிறகு இந்தச் சொல் நமக்குப் பழகிப்போன சொல். அரும்பில் யார், மொட்டில் யார், மலரில் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். யாருக்குக் குறில் நெடில் குழப்பம், யாருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாற்றம் என்பதும் தெரியும். ஆனால் உங்கள் வகுப்பில் எந்தக் குழந்தையின் குதிகால் தரையில் படுவதில்லை என்று கேட்டால் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்?

சிரிக்காதீர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அப்படிச் சிரித்ததற்குக் கொடுத்த விலையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அப்போது நான் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். மூன்றாம் வகுப்பு. அதில் ஒரு பையன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். அமைதியான பையன். நுனிக்காலில் எக்கி எக்கி நடப்பான். பக்கத்து வகுப்புக்குச் சுற்றறிக்கை கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் அவனைத்தான் அனுப்புவேன். போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. “எங்க வகுப்புப் பூனைக்குட்டி” என்று நான்தான் முதலில் சொன்னேன். மறுநாளே வகுப்பு முழுக்க அவனுக்குப் பூனை என்று பெயராகிவிட்டது. அவனும் சிரித்துக்கொள்வான்.

அவனிடம் வேறு சிலவும் இருந்தன. மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வருவான். ஓட்டப் போட்டியில் பாதியில் நின்றுவிடுவான். அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் மட்டும் நன்றாகத் திரண்டு உருண்டையாக இருக்கும். “ஓட்டக்காரன் கால் மாதிரி வச்சுக்கிட்டு ஓட மாட்டேங்கிறியே, சோம்பேறி” என்று நானே சொல்லியிருக்கிறேன். சத்துணவு சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, முதலில் தட்டைத் தரையில் ஓரமாக வைப்பான். பிறகு குப்புறத் திரும்பி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, அப்புறம் முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பிலேயே ஏணி வைத்து ஏறுகிற மாதிரி எழுந்து நிற்பான். ஒரு வருடம் முழுக்க, பள்ளி நடந்த ஒவ்வொரு நாளும், இதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணில் பட்டது, ஆனால் கவனிக்கவில்லை.

அவன் நான்காம் வகுப்பு போன பிறகு, வட்டார வள மையத்திலிருந்து இயன்முறை மருத்துவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். வந்தது வேறொரு குழந்தைக்காக. மதிய உணவு நேரம். வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், இவன் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். “தம்பி, இன்னொரு தடவை உக்காந்து எந்திரி” என்றார். அவன் எழுந்தான். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “எவ்வளவு நாளா டீச்சர் இப்படி எந்திரிக்கிறான்?” என்னிடம் பதில் இல்லை.

இரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை எல்லாம் முடிந்து வந்த பெயர் டுச்சென் தசைச்சிதைவு நோய். 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் டுச்சென் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். தம்பி கைகளை ஊன்றி எழுந்த அந்த முறைக்கும் மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. கோவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரில் கோவர்ஸ் அறிகுறி என்கிறார்கள். நான் பூனை என்று சொன்னதற்கும், ஓட்டக்காரன் கால் என்று சொன்னதற்கும், சோம்பேறி என்று திட்டியதற்கும் மருத்துவப் புத்தகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விளக்கம் இருந்திருக்கிறது.

அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. “மூணு வயசுலயே குதிகாலை ஊன மாட்டான் டீச்சர். என்னமோ ஏதோன்னு நினைச்சேன். பள்ளிக்கூடத்துல நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா, அதான் ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்” என்றார்.

நண்பர்களே, அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இன்று இங்கே பேச வைத்திருக்கிறது. நாம் சொல்வதை மட்டும் பெற்றோர் கேட்பதில்லை. நாம் சொல்லாமல் இருப்பதையும் கேட்கிறார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்குப் பொருள்.

முன்பே தெரிந்திருந்தால் நோய் வராமல் இருந்திருக்குமா? இருக்காது. இது பிறவியிலேயே மரபணுவில் இருப்பது. தசைகள் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் உருவாவதில்லை. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும். முழுவதும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் நடக்கும் காலத்தை நீட்டித் தரும் மருந்துகள் உண்டு, இயன்முறைப் பயிற்சி உண்டு, இதயத்தையும் மூச்சையும் முன்கூட்டியே கவனிக்க வழி உண்டு. இவற்றை எப்போது தொடங்குகிறோம் என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் இருக்கிறது. தாய் வழியாக வரக்கூடிய நோய் இது. மூத்தவனுக்கு என்ன என்று தெரிவதற்குள் அந்த வீட்டில் இன்னொரு ஆண் குழந்தை பிறந்துவிட்டது. சின்னவனுக்கும் பரிசோதனை செய்தார்கள். அந்த முடிவு வரும் வரை அந்த அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பத்தா வந்து சொன்னார். நல்லவேளை, சின்னவனுக்கு இல்லை. ஆனால் இருந்திருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி, நம்மைத் தாண்டிப் போகாமல் நின்றுவிட்டது.

பெரும்பாலும் பயமில்லை

இதைக் கேட்டுவிட்டு, நாளைக் காலையில் நுனிக்காலில் நடக்கும் குழந்தையைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பெற்றோரை வரவழைக்கக் கூடாது. அதனால் அடுத்து முழு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நடை பழகும் குழந்தைகள் பலர் நுனிக்காலில் நடப்பார்கள். அது இயல்பு. பொதுவாக மூன்று வயதுக்குள் முதலில் குதிகால், பிறகு முன்பாதம் என்ற நடை படிந்துவிடும். அதற்குப் பிறகும், வேறு எந்த நோயும் இல்லாமல், சில குழந்தைகள் பழக்கமாக நுனிக்காலிலேயே நடப்பார்கள். இன்ன காரணம் என்று மருத்துவர்களால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்பாவோ மாமாவோ சிறுவயதில் அப்படி நடந்திருப்பதும் உண்டு.

சுவீடன் நாட்டில் ஒரு மாவட்டத்துக் குழந்தைகளை ஐந்தரை வயதில் பரிசோதித்து, 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதோ ஒரு காலத்தில் இப்படி நடந்தவர்கள். ஐந்தரை வயதில் இன்னும் அப்படி நடந்தவர்கள் 2 விழுக்காடு. அதே குழந்தைகளைப் பத்து வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, நுனிக்காலில் நடந்தவர்களில் 79 விழுக்காட்டினர் தாமாகவே இயல்பான நடைக்கு வந்திருந்தார்கள். அதாவது பெரும்பாலான குழந்தைகளுக்கு இது கடந்துபோகும் ஒன்று.

அப்படியென்றால் விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாததற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், வேறு நோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இது வெறும் பழக்கம் என்று சொல்ல முடியும். தசைச்சிதைவு நோயைச் சொன்னேன். மூளை முடக்குவாதத்தின் லேசான வடிவத்திலும் இந்த நடை வரும். குறை மாதத்தில் பிறந்த, தாமதமாக நடந்த, கால் விறைப்பாக இருக்கும் குழந்தைகளை அதற்காகத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். முதுகுத் தண்டில் உள்ள கோளாறும் காரணமாகலாம். ஒரு கால் குட்டையாக இருந்தால் அந்தக் காலை மட்டும் எக்குவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் நுனிக்கால் நடை கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் நுனிக்காலில் நடப்பதால் மட்டுமே ஆட்டிசம் ஆகிவிடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது, பேச்சு, மற்ற குழந்தைகளோடு சேர்வது என்று பலவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டாவது காரணம், பழக்கமாகவே இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் இறுகிப்போகலாம். அதன் பிறகு அந்தக் குழந்தை நினைத்தாலும் குதிகாலை ஊன்ற முடியாது. நம் ஊரில் இதன் பொருள் என்ன தெரியுமா? பள்ளிக் கழிப்பறையில் குதிகால் ஊன்றிக் குந்தி உட்கார முடியாது. பின்பக்கமாகச் சாயும். அந்தப் பயத்தில் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டே இருக்கும் குழந்தையும் உண்டு. வகுப்பில் நெளிகிறாள், கவனம் இல்லை என்று நாம் குறிப்பு எழுதுவோம். காரணம் கணுக்காலில் இருக்கும்.

பத்து அடியும் பத்து மாதமும்

இப்போது இரண்டாவது குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். பி.எட். முடித்துப் பதவி உயர்வில் நடுநிலைப் பள்ளிக்கு வந்துவிட்டேன். ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை சேர்ந்தாள். என் வகுப்புக் குழந்தை இல்லை. கை கழுவும் குழாயடியில்தான் பார்த்தேன். கை கழுவும்போது கால்களும் நனைந்துவிடும் அல்லவா? ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நடந்து போனாள். மற்றக் குழந்தைகளின் தடம் முழுப் பாதமாக விழுந்திருந்தது. அவளுடைய தடத்தில் குதிகாலே இல்லை.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவளுடைய வகுப்பு ஆசிரியரிடம் சொன்னேன். இருவருமாக ஒரு மாதம் கவனித்தோம். ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதினோம். எந்த நேரத்தில் நுனிக்கால், எந்த நேரத்தில் முழுக்கால், படி எப்படி ஏறுகிறாள், தரையிலிருந்து எப்படி எழுகிறாள், இவ்வளவுதான்.

பிறகு, பள்ளி விட்டு எல்லோரும் போன பின், அவள் அம்மாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினோம். “அம்மா, பாப்பா நுனிக்கால்ல நடக்கிறதை ஒரு மாசமாக் கவனிச்சுட்டு வர்றோம். நல்லா ஓடுறா, விளையாடுறா. நிறையப் பிள்ளைங்களுக்கு இது தானாவே சரியாயிரும். இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிருவோம்” என்றோம். “அவங்க அப்பாவும் சின்னதுல இப்படித்தான் நடந்தாராம் டீச்சர்” என்றார். அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னோம்.

மருத்துவமனைக்குப் போய் வந்தவர் மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தார். “டாக்டர் முன்னாடி நடக்கச் சொன்னா, குதிகாலை ஊனி அவ்வளவு அழகா நடந்து காட்டுது டீச்சர். என்னையப் பொய்க்காரி ஆக்கிருச்சு” என்றார்.

இதுதான் இந்தப் பழக்கத்தின் இயல்பு. யாராவது பார்க்கிறார்கள் என்றால், ‘ஒழுங்கா நட’ என்று சொன்னால், பழக்கமாக நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளில் பலரால் சிறிது நேரம் குதிகால் ஊன்றி நடக்க முடியும். கவனம் வேறு பக்கம் போனதும் மறுபடி எக்கிவிடுவார்கள். மருத்துவர் தம் அறையில் பார்ப்பது பத்து அடி நடை. நாம் பார்ப்பது பத்து மாத நடை. அவள் அம்மா நாங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பை நீட்டியதும் மருத்துவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். படுக்க வைத்து, முழங்காலை நீட்டி, பாதத்தை மேலே மடக்கிக் கணுக்கால் எவ்வளவு வளைகிறது என்று அளந்திருக்கிறார். தசை வலுவைப் பார்த்திருக்கிறார். வேறு நோய் இல்லை, தசை லேசாக இறுகத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லி இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

காலையும் மாலையும் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. சுவரில் கை வைத்துக் குதிகால் ஊன்றி நிற்பது. குந்தி உட்கார்ந்து விளையாடுவது. கட்டாயமாகக் காலணி. இப்போது மூன்றாம் வகுப்பு. நடக்கும்போது முழுப் பாதமும் படுகிறது. களைப்பாக இருந்தாலோ, ஏதாவது பரபரப்பிலோ இன்னும் எக்குவாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டி வருகிறார்கள். பயிற்சி போதாத குழந்தைகளுக்குத் தசையை மெல்ல நீட்ட மாவுக்கட்டு போடுவதும், கணுக்கால் தாங்கி கொடுப்பதும், கடைசியாக அறுவை சிகிச்சையும் உண்டு. முன்பே பார்த்தால் பலருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

என்ன கவனிப்பது?

நமக்குக் கருவி எதுவும் தேவையில்லை. வழக்கமான பள்ளி நாளிலேயே எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்று, காலணி. விலையில்லாக் காலணியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் தேய்ந்து, குதிகால் பக்கம் புதிதாக இருந்தால் அது ஒரு செய்தி. இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, ஒரு காலில் மட்டுமா என்று பாருங்கள். ஒரு காலில் மட்டும் நுனிக்கால் நடை என்றால் அதைப் பழக்கம் என்று நினைக்கவே கூடாது.

இரண்டு, தரையிலிருந்து எழுவது. கையை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி ஏறி எழுகிற குழந்தையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அனுப்ப வேண்டும்.

மூன்று, படியும் ஓட்டமும். வயதுக்கேற்ற ஓட்டம் இல்லை, அடிக்கடி விழுகிறது, படி ஏறத் திணறுகிறது, கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது என்றால் இவையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

நான்கு, குந்தி உட்கார்வது. குதிகால் தரையில் படும்படி உட்கார முடிகிறதா? விளையாட்டு வேளையில் எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகத் தவளை போல உட்காரச் சொன்னாலே தெரிந்துவிடும். ஒருத்தியை மட்டும் தனியே நிறுத்திச் சோதிக்க வேண்டியதில்லை.

ஐந்து, எப்போது தொடங்கியது? இதுவரை நன்றாக நடந்த குழந்தை புதிதாக நுனிக்காலில் நடக்கத் தொடங்கினால் அது அவசரம். அதோடு சிறுநீர் அடக்க முடியாமல் போவது, கால் வலி, முதுகு வலி என்று எதுவும் சேர்ந்தால் அன்றே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். இது உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பதின்மூன்று வயதுப் பெண் திடீரென்று நடை மாறினால் அது நடிப்பும் அல்ல, நாகரிகமும் அல்ல.

என்ன செய்யக் கூடாது?

முதலில், பட்டப்பெயர் கூடாது. நம் வாயிலிருந்து வந்தால் அது குழந்தைகளுக்கு உரிமம் கொடுத்த மாதிரி. நான் கொடுத்த பெயரைத் தம்பி ஐந்தாம் வகுப்பு முடியும் வரை சுமந்தான்.

‘குதிகாலை ஊனு, குதிகாலை ஊனு’ என்று நாள் முழுக்கச் சொல்லக் கூடாது. வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லித் திருத்தக் கூடாது. இது கீழ்ப்படியாமை இல்லை. திட்டினால் நடை திருந்தாது, குழந்தை நடமாடுவதைத்தான் குறைத்துக்கொள்ளும்.

நாமே நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ‘இது ஆட்டிசமா இருக்கும்’ என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவது எளிது. அந்தத் தாய்க்கு அன்றிரவு எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். நாம் பார்த்ததைச் சொல்லலாம், என்ன நோய் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

நாமே பயிற்சியும் கொடுக்கக் கூடாது. இதை உடற்கல்வி ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். பழக்கமாக நடக்கும் குழந்தைக்கு நல்லது செய்யும் பயிற்சி, தசைச்சிதைவு உள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யலாம். அந்தத் தசைகள் அளவுக்கு மீறிய உழைப்பைத் தாங்காது. எது எந்தக் குழந்தை என்று தெரியும் முன் கூடுதல் சுற்று ஓடவைப்பது ஆபத்து. மருத்துவர் சொன்ன பிறகு, சொன்ன பயிற்சியை, எல்லாக் குழந்தைகளுக்குமான விளையாட்டாக மாற்றிக் கொடுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

யாரிடம் சொல்வது?

பார்த்ததை எழுதுங்கள், பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள். நம்மைச் சுற்றி ஏற்பாடுகள் இருக்கின்றன. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி சார்பில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியகிரம் திட்டத்தில் மருத்துவக் குழு நம் பள்ளிக்கே வருகிறது. அந்தக் குழு வரும் நாளில் நாம் என்ன செய்கிறோம்? வரிசையில் நிற்க வைத்து, உயரம், எடை, கண், பல் பார்த்து முடித்து அனுப்புகிறோம். ஒரு நாளில் அத்தனை குழந்தைகளைப் பார்க்கும் குழுவுக்கு ஒவ்வொருவர் நடையையும் பார்க்க நேரம் ஏது? குழு வருவதற்கு முன்பே, ‘இந்த மூன்று பேரைக் கூடுதல் நேரம் பாருங்கள்’ என்று காரணத்தோடு ஒரு சீட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும், மூளை முடக்குவாதமும், ஆட்டிசமும் இருக்கின்றன. உறுதியானால் அடையாள அட்டை, உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று குழந்தைக்கு உரியவை உண்டு. அதற்கான படிவத்தைப் பெற்றோர் நம்மிடம்தான் கொண்டுவருவார்கள். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லாமல் அன்றே எழுதிக் கொடுப்போம். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதும், நாற்காலியில் உட்காரவைத்துச் சாப்பாடு கொடுப்பதும், கழிப்பறையில் பிடிமானக் கம்பி வைப்பதும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் முடிகிற வேலைகள்.

கடைசியாக, தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இப்போது பதினொன்றாம் வகுப்பு. சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலி. பத்தாம் வகுப்புத் தேர்வைச் சொல்வதை எழுதுபவர் துணையோடு எழுதித் தேர்ச்சி பெற்றான். சென்ற பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கணக்கு எப்படிப் போகிறது, கணினி அறிவியல் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கேட்டான். “டீச்சர், இப்ப உங்க பள்ளிக்கூடத்துல பூனைக்குட்டி யாராச்சும் இருக்காங்களா?”

“ஒரு பாப்பா இருந்துச்சுப்பா. டாக்டர்கிட்டக் காட்டிட்டோம். நல்லா நடக்கிறா” என்றேன். “அப்ப சரி டீச்சர்” என்றான்.

அவன் என்னை மன்னித்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் அவனுக்குச் சொல்லத் தவறியதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை வழிபாடு முடிந்து குழந்தைகள் வரிசையாக வகுப்புக்குப் போகும்போது, ஒரு நிமிடம் அவர்கள் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். குதிகால் படாத குழந்தை இருந்தால், அன்று மாலையே குறிப்பேட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள்.